நூறு வருஷத்துத் தாள்

ஆரணியில் அபிதகுசாம்பாள் என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ரேஷன் கடைக்காரரும் பேங்க்காரர்களும்தான். ஊருக்கு அவள் படக்கடை அபிதா. பஸ் ஸ்டாண்டிலிருந்து பட்டுக்கடைகளுக்குப் போகிற தெருவின் முனையில், மேற்கு பார்த்த சின்னக் கடை. ஆசையாகப் போட்டோ பிடித்துக்கொள்ள அங்கே யாரும் வருவதில்லை. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருவார்கள், இல்லாவிட்டால் செத்தவர் படத்துக்கு வருவார்கள். அவள் கடையை ஓட்டியதே செத்தவர்களை நம்பித்தான். அவர்கள் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

செத்தவர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட நல்ல படம் எந்த வீட்டில் இருக்கிறது? ஆதார் அட்டையில் இருப்பது அவருக்கே பிடிக்காத மூஞ்சி. தேடித் தேடிக் கடைசியில் மனைவியோடு நின்ற படத்தையோ, காதுகுத்தில் பேத்தியை மடியில் வைத்திருந்த படத்தையோ கொண்டுவருவார்கள். உயிரோடு இருக்கிறவரையும் சேர்த்து மாலை போட முடியுமா? அதனால் அபிதா வெட்டுவாள். அந்தக் காலத்தில் பிளேடால் வெட்டினாள், பிறகு கம்ப்யூட்டரில் வெட்டினாள். தோளில் கிடக்கும் மனைவியின் கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சட்டையை வரைவாள். சாய்ந்து நின்றதில் ஒரு காது மறைந்திருந்தால், இந்தப் பக்கத்துக் காதையே திருப்பி அந்தப் பக்கம் வைத்துவிடுவாள். பெத்த தாய் வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. அவள் பிரின்ட் போடுகிற பளபளப்புத் தாளில் எந்த முகமும் நாலு வருஷம் தாங்கினால் பெரிது. முதலில் சிவப்பு கழன்றுபோகும், நெற்றிக் குங்குமம் காவியாகி, உதடு வெளுத்து, ஆள் பச்சை பாரித்துத் தெரிவார். "இன்னாம்மா, எங்கப்பா மூஞ்சி கீரைத்தண்டு கலர்ல பூட்ச்சி" என்று வந்து நிற்பார்கள். அபிதா அசரமாட்டாள். "வெயில் படற செவுத்துல மாட்டுனீங்களா? ஈரத்துணியால தொடச்சீங்களா?" என்று அவர்களையே குற்றவாளியாக்குவாள். எல்லா வீட்டிலும் வெயில் படும், எல்லா வீட்டிலும் துடைப்பார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு பிரின்ட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தப் பித்தலாட்டத்தை அவள் ஒரே மகன் ஹேமநாத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடையில் கேமரா பிடிப்பதும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். ஒரு பட்டுக்கடை முதலாளி தன் தாத்தா படம் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று கேட்டதை வைத்து, சென்னைக்குப் போய்ப் பெரிய பிரின்டர் ஒன்றும் ஒரு பெட்டித் தாளும் வாங்கிவந்தான். தாள் கனமாக, லேசான பழுப்பில், கொஞ்சமும் பளபளப்பில்லாமல் இருந்தது.

"இன்னாடா இது, கல்யாணப் பத்திரிகையாட்டம் கீது. இதுல மூஞ்சி போட்டா யாரு வாங்குவாங்க?" என்றாள் அபிதா.

"பருத்திம்மா இது. மரக்கூழ் கெடையாது, அமிலம் கெடையாது, அதனால மஞ்சளாவாது. நம்ம பழைய பிரின்டர்ல ஊத்தறது சாயம், தண்ணி பட்டா கரையும், வெயில்பட்டா பறந்துடும். இதுக்கு ஊத்தற இங்க்கு கரையாத நெறப்பொடி. தாள்மேல கெட்டியா உக்காந்துக்கும். நூறு வருஷம் அப்டியே நிக்கும்."

"நீ பாத்தியா நூறு வருஷம்?"

அவன் காட்டுகிறேன் என்றான். அப்போதுதான் அவனுக்கும் பெரணமல்லூர் சத்யப்ரியாவுக்கும் கல்யாணமாகியிருந்த புதிது. கல்யாணத்தில் எடுத்த அவள் முகத்தையே பழைய பளபளப்புத் தாளில் ஒன்றும் பருத்தித் தாளில் ஒன்றுமாகப் பிரின்ட் போட்டான். மஞ்சள், குங்குமம், அரக்குப் பட்டு, மல்லிகை என்று எல்லா நிறமும் ஒரே முகத்தில் இருக்கிறது, சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது என்று காரணம் வேறு சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த சத்யப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு படத்திலும் பாதி முகத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, கடை ஜன்னல் கண்ணாடியில் தெருவைப் பார்க்க ஒட்டினான். மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிறவரை வெயில் நேராக அடிக்கும் இடம் அது.

"ஒரு வருஷம் போவட்டும். அட்டைய எடுத்துட்டு மூடுன பாதியும் மூடாத பாதியும் பாரு. அப்புறம் பேசு" என்றான்.

அந்த வருஷம் முடியவில்லை. தெள்ளாரில் ஒரு வளைகாப்புக்குப் படம் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் பைக்கில் திரும்பியவன், ரோட்டோரமாக விளக்கில்லாமல் நின்ற நெல் அறுப்பு மெஷினில் மோதினான். கேமராவும் போனும் அவனும் ஒரே இடத்தில் நொறுங்கினார்கள்.

ஊர் முழுக்க முகம் செய்து கொடுத்தவளுக்குத் தன் பிள்ளை முகத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. எந்நேரமும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவனுக்குப் படம் எங்கிருந்து வரும்? அவன் படத்துக்கு நின்றது கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றும் தனியாக நிற்கச் சொன்னால், படமெடுத்த சிநேகிதன் பார்த்திபனிடம் லைட்டைத் திருத்து, ஸ்டாண்டை நகர்த்து என்று கத்திக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்து, நேராகப் பார்த்து, சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. சத்யப்ரியாவின் தலையோடு தலை சாய்த்து நின்ற படம். அவன் காது அவள் மல்லிகைப் பூவின் மேல் படிந்திருந்தது.

பிணம் வாசலில் கிடக்க, அபிதா கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. மருமகளின் முகத்தை எடுத்தாள், தோளை எடுத்தாள், பூவை ஒவ்வொரு இதழாக எடுத்துக் காதைக் காப்பாற்றினாள். அந்தப் பெரிய பிரின்டரை ஓட்ட மகனுக்குத்தான் தெரியும். அவள் தனக்குத் தெரிந்த பழைய பிரின்டரில், தெரிந்த பளபளப்புத் தாளில், அவசரமாக ஒன்று போட்டாள். காரியம் முடிந்ததும் நல்ல தாளில் போட்டுக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தாள். அதற்கப்புறம் அந்தப் படத்தைத் திரையில் திறக்க அவளால் முடியவில்லை.

ஃபிரேம் அவளே அடித்தாள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? அன்றைய அவசரத்தில் விடவில்லை. அவள் புருஷன் அருணகிரி வீட்டிலேயே பட்டுத்தறி நெய்கிறவர். தறிக்குழியில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் பிள்ளை தெரிய வேண்டும் என்றார். தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டுப்பாவு காய்ந்தால் இழை அறும் என்று அந்த அறையை எப்போதும் குளிர்ச்சியாக, அரை இருட்டாகவே வைத்திருப்பார்கள். தரை நசநசவென்றிருக்கும். அந்தச் சுவரில்தான் படம் ஏறியது. வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிப் படங்களோடு சேர்த்து அதையும் அபிதா ஈரத்துணியால் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஊரிலுள்ளவர்களைத் துடைக்காதே என்று அதட்டுகிறவள்தான். தன் பிள்ளையைத் துடைக்காமல் இருக்க அவளுக்குக் கை வரவில்லை.

மூன்றாம் வருஷத் திதிக்குப் படத்தை இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் கன்னத்தில் ஈரத்திட்டுகள் தெரிந்தன. கண்ணாடியின் உள்பக்கம் பூஞ்சை என்று நினைத்து ஃபிரேமைப் பிரித்துத் தாளை இழுத்தாள். தாள் வெள்ளையாக வந்தது. முகம் கண்ணாடியோடு தங்கிவிட்டது, அதுவும் துண்டு துண்டாக. ஒரு கண், மூக்கில் கொஞ்சம், சட்டைக் காலர். அபிதா போட்ட சத்தத்தில் அருணகிரி தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். கண்ணாடியை வாங்கி வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"சரி, அழுவாத. வேற ஒண்ணு போட்டுடு" என்றார். பிள்ளை முகம் மனைவியின் கடையில் பத்திரமாக இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

அங்கே இல்லை. போன கோடையில் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நின்றுபோய், ரிப்பேர் பார்த்தவன் உள்ளே ஒன்றுமே தேறாது என்று கையை விரித்துவிட்டான். பார்த்திபன் கல்யாணப் படங்களை அந்த டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத் தன் கார்டுகளை அழித்திருந்தான். உறவுக்காரர்கள் போனில் வைத்திருந்த வாட்ஸப் படத்தைப் பெரிசாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சிநேகிதர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் இப்போது எந்த மாட்டுக்கொட்டகையின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறதோ. மிச்சம் இருந்தது கல்யாண ஆல்பம். அதிலும் ஒரு பிரதிதான் போட்டிருந்தார்கள். நம்ம கடைதானே, நமக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று பெண் வீட்டுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். அது சத்யப்ரியாவோடு பெரணமல்லூருக்குப் போய்விட்டது.

காரியம் முடிந்த கையோடு போன பெண்ணை அபிதா அதற்குப்பின் ஒரு தடவைகூடப் போனில் கூப்பிட்டு நல்லா இருக்கிறாயா என்று கேட்டதில்லை. மகன் செத்ததற்கு மருமகளின் ராசியைக் குறை சொல்லாமல் விட்டதையே பெரிய தயவாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஆல்பம் கேட்பது என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும்போதே, சத்யப்ரியாவுக்கு மறுகல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சேதி வந்தது. மறுகல்யாணம் ஆகிற வீட்டில் பழைய ஆல்பத்தை என்ன செய்வார்கள் என்று அபிதாவுக்குத் தெரியும். நெருப்பில் போடுவார்கள், இல்லை ஆற்றில் விடுவார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சத்யப்ரியா தானாகக் கடைப் படியேறி வந்தாள். இளைத்திருந்தாள். தோளில் கனமான பை ஒன்று தொங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

"நல்லாக் கீறீங்களா அத்தை? மாமா தறி போடறாரா?"

"போடறாரு" என்றாள் அபிதா.

அந்தப் பெண் ஜன்னலைக் காட்டினாள். "அந்தப் படத்த எடுத்துடறீங்களா அத்தை? புதன்கிழமை முகூர்த்தப் புடவ எடுக்க அவங்க வூட்டு ஆளுங்க இந்தத் தெருவுக்குத்தான் வராங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும், ஒண்ணும் மறைக்கல. ஆனா தெருவுல போறப்போ பாத்தா பெரியவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

அபிதா வாசலில் போய் நின்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். மகன் ஒட்டியதை எடுக்க மனமில்லாமல் இத்தனை நாள் அப்படியே விட்டிருந்தாள். பளபளப்புத் தாளில் மூடாத பாதி முகம் வெளுத்துத் தண்ணீராகிப்போயிருந்தது, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. பக்கத்தில் பருத்தித் தாளில் அதே முகம் நேற்று எடுத்த மாதிரி இருந்தது. குங்குமம் குங்குமமாகவே இருந்தது. அபிதாவுக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளை கரைந்து கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கிறான், இவள் மட்டும் என் கடை ஜன்னலில் நூறு வருஷத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கப் போகிறாளா? அது அநியாயமான நினைப்பு என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"ஆல்பத்தக் குடு, எடுக்கறேன்."

"அத்தை?"

"கல்யாண ஆல்பம். உன்கிட்டதான கீது? என் புள்ள மூஞ்சி எனக்கு வோணும். அது என் கைக்கு வந்தாத்தான் இது கீழ எறங்கும். இல்லன்னா புதன்கிழம வரவங்க நல்லாப் பாத்துகினு போவட்டும்."

சத்யப்ரியாவின் முகம் செத்துப்போயிற்று. பையின் மேலிருந்த கை இறுகியது. "அவரு ஒட்டுனது அத்தை அது. அத வெச்சிப் பேரம் பேசறீங்களே."

"நீ புதுப் புடவ எடுக்க வர. எனக்கு இன்னாடி கீது?"

அந்தப் பெண் எழுந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அனுப்பி வெக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அபிதாவுக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் சத்யப்ரியாவின் அப்பா அய்யாக்கண்ணு பெரணமல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். விவசாயி, அதிர்ந்து பேசாத மனிதர். செய்தித்தாளில் சுற்றிய ஆல்பத்தைக் கல்லாவின் மேல் வைத்தார். அபிதா மறுபேச்சுப் பேசாமல் கத்தியை எடுத்து ஜன்னலில் இருந்த இரண்டு படங்களையும் சுரண்டி எடுத்தாள். பருத்தித் தாளின் மேலிருந்த கறுப்பு அட்டையை உரித்துப் பார்த்தாள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஹேமநாத் சொன்னது சரிதான். இப்போ இன்னாம்மா சொல்ற என்று கேட்க அவன்தான் இல்லை.

அய்யாக்கண்ணு அந்தப் படங்களைப் பார்க்காமலே வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். போக எழுந்தவர் வாசலில் நின்றார்.

"சம்மந்தியம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்தே உங்களுக்குக் குடுத்துட்டுப் போவணும்னுதான் ஆல்பத்தப் பையில வெச்சிகினு வந்துச்சி பொண்ணு. எரிக்கணும்னு எங்க வூட்டுல எல்லாரும் சொன்னாங்க. அத்தை கையில குடுத்துட்டு வரேன்னு ஒரே புடியா நின்னுச்சி. நீங்க அப்டிக் கேப்பீங்கன்னு நெனைக்கல. ராத்திரி பூரா அழுதுச்சி. என் மூஞ்சிய வெச்சி இனிமே யாரும் பேரம் பேசக் கூடாதுன்னு சொல்லிச்சி. அதான் அப்டிப் பண்ணிட்ச்சி."

எப்படிப் பண்ணியிருந்தாள் என்பது அவர் போனபிறகு ஆல்பத்தைத் திறந்ததும் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. தாலி கட்டுகிற படத்தில் ஹேமநாத்தின் கைகள் காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. சத்யப்ரியா தனியாக இருந்த பக்கங்கள் மொத்தமாகவே இல்லை. கோபத்தில் கிழித்த கிழிசல் ஒன்றுகூடக் கிடையாது. ஸ்கேல் வைத்து, பிளேடு போட்டு, சுத்தமாக வெட்டியிருந்தாள். இந்தக் கடையில் உட்கார்ந்து மாமியார் வெட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வெட்டு அது.

தலையோடு தலை சாய்த்த படத்தை அபிதா வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் பூவின் மேல் படிந்திருந்த காதைச் சுற்றி வளைத்து வெட்டப் பிளேடுக்கு இடமில்லை. சத்யப்ரியா நேராக இறக்கியிருந்தாள். காதும் கன்னத்தின் ஓரமும் தோளும் அவளோடு போய்விட்டன.

பார்த்திபன் வந்து, அடைத்துக் கிடந்த பெரிய பிரின்டரை ஒருவழியாக ஓட வைத்தான். ஆல்பப் பக்கத்தை ஸ்கேன் செய்து திரையில் போட்டதும், "இந்தப் பக்கத்துக் காதத் திருப்பிப் போட்டுடலாம்மா, நீங்க போடாததா?" என்றான். அபிதா போட்டாள். கையில் பழகிய வேலை, காது கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அது வேறு யார் பிள்ளையோ ஆகிவிட்டது. ஹேமநாத்துக்கு அந்தப் பக்கத்துக் காதின் மேல்மடல் பிறவியிலேயே உள்ளே மடங்கியிருக்கும். பால் கொடுக்கும்போதெல்லாம் அதை நீவி நீவி விட்டுக்கொண்டிருப்பாள். பெத்த தாய்க்கே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்தது. ஒட்டிய காதை அழித்துவிட்டு, வெட்டிய இடம் வெட்டியபடியே இருக்க, மகன் வாங்கிவைத்த பெட்டியிலிருந்து பருத்தித் தாளை எடுத்துப் பிரின்டரில் கொடுத்தாள்.

இந்தத் தடவை எல்லாம் முறைப்படி செய்தாள். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் அட்டை வைத்தாள், பின்னால் காற்று போக இடம் விட்டாள், சுவரில் ஒட்டாமல் இருக்கக் கட்டையடித்து மாட்டினாள். அருணகிரி தறிக்குழியில் உட்கார்ந்தபடி தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"நல்லாக் கீது. இது எவ்ளோ நாளு தாங்கும்?"

"நூறு வருஷம்னு சொன்னான்."

"அந்தப் பக்கம் காது எங்கமே?"

"சத்யாகிட்ட கீது."

"கேட்டா குடுக்காதா அந்தப் பொண்ணு?"

அபிதா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"குடுக்கத்தான் வந்துச்சி. எனக்குத்தான் கையேந்தி வாங்கத் தெரியல."